அடைக்கலம் தேடி வருபவர் எல்லோரும் ஆபத்தானவர்களா?





ஜகாத் கணக்குப் பார்க்கும் காலத்தில் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் பலரும் பல சந்தேகங்களைக் கேட்பது வழக்கம். சில ஆண்டுகளாக அவற்றுடன் ஒரு புதிய கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "கேளம்பாக்கத்தில் இருக்கும் பர்மா முஸ்லிம்களுக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் நமக்குப் போலீஸ் தொந்தரவு வருமா?" என்று கேட்கிறார்கள். சிலர் குரலைத் தாழ்த்தி, "அவர்களில் தீவிரவாதிகள் இருக்கிறார்களாமே, உண்மையா?" என்றும் கேட்கிறார்கள்.

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. செல்போனில் வரும் செய்திகளும் தொலைக்காட்சி விவாதங்களும் 'அகதி', 'ஊடுருவல்காரர்', 'பயங்கரவாதி' என்ற மூன்று சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழக்கிவிட்டன. எனவே இந்த இதழில் சட்டம் என்ன சொல்கிறது, நாம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை எங்களுக்குத் தெரிந்த அளவில் விளக்குகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒருவர் ஆபத்தானவரா இல்லையா என்பது அந்த ஒருவரை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அவர் எந்த நாட்டார், எந்த மதத்தார் என்று பார்த்து மொத்தமாகத் தீர்மானிக்கும் விஷயம் அல்ல. நம் மார்க்கம் காட்டும் வழியும் இதுதான். நம் நாட்டின் அரசியல் சாசனத்தின் அடிப்படையும் இதுதான்.

யார் அகதி, யார் புகலிடம் கோருபவர்?

பிழைப்புக்காக, கூடுதல் கூலிக்காக நாடு விட்டு நாடு போகிறவர் குடியேறி. தன் இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் சொந்த நாட்டில் உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து என்று தப்பி வந்து, "எனக்குப் பாதுகாப்புக் கொடுங்கள்" என்று கேட்பவர் புகலிடம் கோருபவர். அவருடைய கோரிக்கை உண்மை என்று ஏற்கப்பட்டால் அவர் அகதி.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும் 1967-ஆம் ஆண்டின் நெறிமுறையும் உலக அளவில் இதற்கான சட்டங்கள். இந்தியா இந்த இரண்டிலும் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. அதனால் உயிர் பிழைக்க ஓடி வந்தவரும், வேறு நோக்கத்தோடு எல்லை தாண்டியவரும் கையில் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். இருவரும் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டு இரவோடு இரவாக ஓடுகிற மனிதர் பாஸ்போர்ட் அலுவலகத்தில் வரிசையில் நின்றுவிட்டு வர முடியாது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நாம் ஆந்திர எல்லையில் வாழ்கிறவர்கள். நகரிக்கும் புத்தூருக்கும் போய் வருகிறோம். யாரும் நம்மை நிறுத்திக் காகிதம் கேட்பதில்லை. எல்லை என்பது சிலருக்கு உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருக்கும் கோடு என்பது அதனால் நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை.

நம் மாவட்டம் பார்த்த வரலாறு

அகதிகள் என்றால் தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து படகுகளில் தமிழர்கள் வந்தார்கள். 1983-க்கும் 2012-க்கும் இடையே வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் அதிகம். தொடக்கத்தில் தமிழ்நாடு அவர்களைக் கை நீட்டி வரவேற்றது. பள்ளிகளில் இடம், கல்லூரிகளில் இடம், மாதாந்திர உதவித் தொகை எல்லாம் கிடைத்தன.

1991 மே 21 அன்று நமக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அது கொடிய குற்றம். அதைச் செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்கள் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தக் குற்றத்தின் நிழல் அத்தனை அகதிகள் மேலும் விழுந்தது. குண்டு வீச்சுக்குப் பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாயும் ஒரே நாளில் சந்தேகத்துக்குரியவர் ஆனார். முகாம்களில் கெடுபிடி கூடியது. வெளியில் தங்கியிருந்தவர்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. கல்லூரிச் சேர்க்கையில் இருந்த சலுகை சில ஆண்டுகள் நின்றது. 1992 ஜனவரியிலிருந்து அவர்களைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது.

விருப்பத்தோடுதான் போகிறார்கள் என்று அரசு சொன்னது. கட்டாயப்படுத்துகிறார்கள் என்று புகார் எழுந்தது. பழ. நெடுமாறன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். திரும்பிப் போவது அகதியின் சொந்த விருப்பமாக இருக்க வேண்டும் என்பது 1992-இல் அந்த வழக்கில் முக்கியமான கேள்வியாக எழுந்தது. அந்த ஆண்டிலேயே ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் அலுவலகம் வைக்கவும், திரும்பிப் போகிறவர்களிடம் "விரும்பித்தான் போகிறீர்களா?" என்று கேட்டு உறுதி செய்யவும் மத்திய அரசு இடம் கொடுத்தது.

கொலை வழக்கின் முடிவையும் நாம் கவனிக்க வேண்டும். சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. நாட்டையே உலுக்கிய வழக்கில், குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுக்குள்ளேயே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தபோது, 26 பேரில் 7 பேர்தான் கொலைச் சதிக்காகத் தண்டனை பெற்றார்கள். அப்படியென்றால் அந்த வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத அத்தனை ஆயிரம் பேரைச் சந்தேகத்தில் வைத்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றும் சுமார் 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அவர்களுக்காக 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயரும் மாற்றியது. ஆனால் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, திருமணமும் செய்துகொண்ட தலைமுறைக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். எனவே இதை முஸ்லிம்களின் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பது சரியல்ல.

சிறப்பு முகாம் என்றால் என்ன?

சாதாரண முகாம்களைத் தவிர 'சிறப்பு முகாம்' என்றும் ஒன்று இருக்கிறது. சந்தேகத்துக்குரியவர்கள் என்று அரசு கருதும் வெளிநாட்டினரை வெளியே விடாமல் வைக்கும் இடம் அது. வேலூர்க் கோட்டையிலும் செங்கல்பட்டிலும் பூந்தமல்லியிலும் முன்பு இருந்தது. திருச்சியில் மத்திய சிறை வளாகத்தில் இருக்கிறது. இங்கே வைப்பதற்கு நீதிமன்றத் தண்டனை தேவையில்லை. வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் அரசு போடும் ஓர் உத்தரவு போதும். எத்தனை நாள் என்ற கணக்கும் அந்த உத்தரவில் இருக்க வேண்டியதில்லை.

2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் வழக்கில் மீதமிருந்தவர்களை விடுதலை செய்தபோது இலங்கையைச் சேர்ந்த நால்வர் வீட்டுக்குப் போகவில்லை. திருச்சி சிறப்பு முகாமுக்குத்தான் போனார்கள். அவர்களில் சாந்தன் தாய்நாட்டுக்குப் போக அனுமதி கிடைத்த நிலையில் 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். அவர் செய்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. நீதிமன்றம் கதவைத் திறந்த பிறகும் 'வெளிநாட்டவர்' என்ற ஒரு சொல் இன்னொரு கதவை மூடிவிடும் என்பதற்காகச் சொல்கிறோம்.

ரோஹிங்கியா மக்கள்

மியான்மரின் ரக்கைன் மாநிலத்தைச் சேர்ந்த முஸ்லிம்கள் இவர்கள். அந்த நாட்டின் 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 2017 ஆகஸ்டில் ராணுவம் நடத்திய வெறியாட்டத்தில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். இவர்களை இனப்படுகொலையிலிருந்து காக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 23 அன்று சர்வதேச நீதிமன்றம் மியான்மருக்கு இடைக்கால உத்தரவு போட்டது. காம்பியா என்ற சிறிய ஆப்பிரிக்க நாடு தொடுத்த வழக்கு அது.

இந்தியாவில் சுமார் 40,000 ரோஹிங்கியா மக்கள் இருப்பதாக 2017-இல் மத்திய அரசு சொன்னது. ஜம்மு, டெல்லி, ஐதராபாத், ஹரியானாவின் மேவாத் பகுதிகளில்தான் பெரும்பாலோர். தமிழ்நாட்டில் கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் சில குடும்பங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. பழைய பொருள் பொறுக்கி, எடைக்குப் போட்டுப் பிழைக்கிறார்கள்.

2017 ஆகஸ்டில் மத்திய உள்துறை அமைச்சகம் இவர்களை அடையாளம் கண்டு திருப்பி அனுப்பும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றத்தில் இவர்கள் நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அதே ஆண்டு ஜனவரியில் ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத்தில் அப்போதைய முதல்வர் மெஹபூபா முப்தி வேறொரு தகவல் கொடுத்திருந்தார். தீவிரவாதச் சம்பவங்களில் ரோஹிங்கியா யாரும் ஈடுபட்டதாகத் தெரியவில்லை. பல்வேறு குற்றங்களுக்காக 38 பேர் மேல் 17 வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. எல்லை தாண்டி வந்த குற்றமும் அவற்றில் அடங்கும் என்பது அந்தத் தகவல். ஆயிரக்கணக்கானோர் வாழும் இடத்தில் 38 பேர். அந்த 38 பேரை விசாரித்துத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. மற்றவர்களை என்ன பெயர் சொல்லித் தண்டிப்பது?

சட்டம் எதைத் தருகிறது?

நம் அரசியல் சாசனத்தின் சில உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும். பேச்சு உரிமை, நாட்டில் எங்கும் குடியிருக்கும் உரிமை ஆகியவை உள்ள 19-ஆம் பிரிவு அப்படிப்பட்டது. ஆனால் 14-ஆம் பிரிவும் 21-ஆம் பிரிவும் 'குடிமகன்' என்று சொல்லவில்லை. 'எந்த நபரும்' என்று சொல்கின்றன. சட்டத்தின் முன் சமத்துவமும், உயிரும் தனிமனித சுதந்திரமும் இந்த மண்ணில் நிற்கும் ஒவ்வொரு மனிதருக்கும் உண்டு.

அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சுமார் 65,000 சக்மா மக்களை வெளியேற்றப் போவதாக உள்ளூர் அமைப்புகள் மிரட்டின. தேசிய மனித உரிமை ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. குடிமகனோ இல்லையோ, ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது மாநில அரசின் கடமை என்று 1996-இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சக்மா மக்கள் பௌத்தர்கள். அன்று அவர்களுக்குக் கிடைத்த தீர்ப்பு இன்று எல்லோருக்கும் சொந்தம்.

1998-இல் இரண்டு ஈராக்கிய இளைஞர்கள் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. உயிருக்கு ஆபத்தான இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பாமல் இருப்பதும் 21-ஆம் பிரிவில் அடங்கும். ஆனால் அவர் இருப்பு நாட்டின் சட்டம் ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் கேடாக இருக்கக் கூடாது என்றது. 2021 மே மாதம் மணிப்பூர் உயர் நீதிமன்றம் மியான்மரிலிருந்து தப்பி வந்த ஏழு பேரை டெல்லிக்குப் போய் ஐ.நா. அகதிகள் ஆணையத்தை அணுக அனுமதித்தது.

கைது செய்தால் 24 மணி நேரத்தில் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம் என்ற 22-ஆம் பிரிவின் பாதுகாப்பும் வெளிநாட்டவருக்கு உண்டு. தடுப்புக் காவலில் வைக்கப்படுபவருக்கு இந்த இரண்டும் பொருந்தாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. ரோஹிங்கியா குழந்தைகள் பள்ளியில் சேர அரசுப் பள்ளிகளை அணுகலாம், மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சட்டம் எதைத் தரவில்லை?

நல்லதை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்றக் கூடாது. வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று 1955 முதலே உச்ச நீதிமன்றம் சொல்லி வருகிறது. 2018 அக்டோபர் 4 அன்று அசாம் சிறையில் இருந்த ஏழு ரோஹிங்கியா ஆண்கள் மியான்மருக்கு அனுப்பப்பட்டார்கள், நீதிமன்றம் தடுக்கவில்லை. 2021 மார்ச்சில் ஜம்முவில் 150-க்கும் மேற்பட்டோர் பிடித்து வைக்கப்பட்டபோது, சலீமுல்லா வழக்கில் ஏப்ரல் 8 அன்று உத்தரவு வந்தது. 14, 21 பிரிவுகள் எல்லோருக்கும் உண்டு; ஆனால் வெளியேற்றப்படாமல் இருக்கும் உரிமை குடியிருக்கும் உரிமையோடு சேர்ந்தது, அது குடிமக்களுக்கு மட்டுமே; உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் யாரையும் அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்தபோது, உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா சத்திரமா என்று கேட்கும் விதமாக உச்ச நீதிமன்ற அமர்வு பேசியது. ரோஹிங்கியா மக்கள் அகதிகளா, சட்டவிரோதமாக நுழைந்தவர்களா என்ற கேள்வியையே முதலில் தீர்மானிக்கப் போவதாக 2025 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டினர் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உரிய ஆவணம் இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். போலிப் பாஸ்போர்ட், போலி விசா என்றால் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம். தான் வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் சம்பந்தப்பட்டவர் தலையில்தான். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2024 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்கும், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கும் இந்தத் தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ரோஹிங்கியா மக்கள் இல்லை.

பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் சொல்கிறோமா?

இல்லை. நாட்டின் பாதுகாப்பு நம் வீட்டின் பாதுகாப்பு. அகதி வேடத்தில் கெட்டவன் வரவே மாட்டான் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. 1951 உடன்படிக்கையே கொடுங்குற்றம் செய்தவருக்கு அகதி என்ற தகுதி இல்லை என்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கருதத் தக்க காரணம் இருந்தால் அந்த நபரைத் திருப்பி அனுப்பவும் இடம் தருகிறது. 'அந்த நபரை' என்பதுதான் முக்கியம்.

நம் உள்துறை அமைச்சகமும் 2011 டிசம்பரில் இப்படி ஒரு நடைமுறையை வகுத்தது. அகதி என்று சொல்லும் வெளிநாட்டவரை விசாரித்து, பாதுகாப்புச் சோதனை செய்து, அவருடைய அச்சம் உண்மை என்று தெரிந்தால் நீண்டகால விசா கொடுக்கலாம் என்பது அது. ஆக, விசாரிக்கும் வழி நாட்டில் இல்லாமல் இல்லை. அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

திருக்குர்ஆனின் 60-ஆவது அத்தியாயத்துக்கு 'மும்தஹனா' என்று பெயர். அதன் 10-ஆவது வசனம் மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்து வந்த பெண்களைப் பற்றியது. வந்தவர்களைச் சோதித்து அறியும்படியும், உண்மையான நம்பிக்கையாளர்கள் என்று தெரிந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றும் அல்லாஹ் கட்டளையிடுகிறான். இரண்டு கட்டளைகள், ஒன்றன்பின் ஒன்றாக. விசாரிப்பது தவறல்ல. விசாரிக்காமல் அனுப்புவதும், உண்மை தெரிந்த பின் அனுப்புவதும்தான் தவறு. 9-ஆவது அத்தியாயத்தின் 6-ஆவது வசனம் இணைவைப்பவர் ஒருவர் அடைக்கலம் கேட்டாலும் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்கச் சொல்கிறது.

நஜாஷி மன்னரின் வரலாறு நம் மதரசாக்களில் சிறு பிள்ளைகளும் அறிந்தது. அபிசீனியாவுக்குத் தப்பிப் போன முஸ்லிம்களைப் பிடித்துத் தரும்படி குறைஷிகள் இரண்டு தூதர்களைப் பரிசுகளோடு அனுப்பினார்கள். அரசவைப் பிரமுகர்களும் அனுப்பிவிடலாம் என்றார்கள். கிறிஸ்தவ மன்னரான நஜாஷி, என்னை நம்பி வந்தவர்களின் பேச்சைக் கேட்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்று மறுத்தார். ஜஅஃபர் இப்னு அபீ தாலிப் (ரலி) எழுந்து பேசினார். கேட்டு முடித்த மன்னர் பரிசுகளைத் திருப்பி அனுப்பினார். நம் உம்மத்தின் முதல் அகதிகள் உயிர் பிழைத்தது ஒரு நேர்மையான விசாரணையால்தான்.

சந்தேகம் எங்கே போய் முடியும்?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதைச் செய்தவர்கள் இலங்கைக் குடிமக்கள். ஆனால் நீர்கொழும்பில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்து ஐ.நா. பொறுப்பில் வாடகை வீடுகளில் இருந்த நூற்றுக்கணக்கான அகதிக் குடும்பங்கள் அடித்து விரட்டப்பட்டன. அவர்கள் பள்ளிவாசலிலும் காவல் நிலைய வளாகத்திலும் வாரக்கணக்கில் கிடந்தார்கள். தங்கள் நாட்டில் தீவிரவாதிகளுக்குப் பயந்து ஓடி வந்தவர்களைத் தீவிரவாதிகள் என்று விரட்டினார்கள்.

அதே இலங்கையில் 1990 அக்டோபர் இறுதியில் வடமாகாணத்தின் தமிழ் பேசும் முஸ்லிம்கள் சுமார் 70,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். சிலர் மேல் இருந்த சந்தேகத்துக்காக ஒரு சமுதாயம் முழுவதும் புத்தளத்து ஓலைக் குடிசைகளுக்குப் போனது.

நம் நாட்டிலேயே 2025 ஜூனில் டெல்லியில் வேலை செய்த மேற்கு வங்க பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணிப் பெண் ஒருவரை, குடும்பத்தோடு வங்கதேசத்தவர் என்று பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. டிசம்பரில்தான் அவர் ஊர் திரும்பினார். பேச்சையும் பெயரையும் பார்த்து முடிவு செய்யத் தொடங்கினால் அது வெளிநாட்டவரோடு நிற்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

ஜகாத் கொடுக்கலாமா? ஏழைகள், வறியவர்கள், வழிப்போக்கர்கள் என்ற வகைகளில் அகதி முஸ்லிம்கள் வருகிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். கும்மிடிப்பூண்டி முகாமில் உள்ள பிற சமயத்தவருக்கு சதகாவிலிருந்து கொடுப்பதும் நன்மையே. உணவு, துணி, மருந்து, பள்ளிக் கட்டணம் கொடுப்பதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் இல்லை. தனியாகப் பணமாகக் கொடுக்காமல், பதிவு பெற்ற அமைப்பு மூலம், ரசீதோடு கொடுங்கள். கணக்கு இருந்தால் பயம் இல்லை.

வீட்டில் தங்க வைக்கலாமா? வெளிநாட்டவர் யாரைத் தங்க வைத்தாலும் உடனே வெளிநாட்டினர் பதிவு அலுவலரிடம் தெரிவிப்பது சட்டக் கடமை. மருத்துவமனைகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும்கூட இது பொருந்தும். மறைத்து வைப்பது உதவி அல்ல. அவரையும் உங்களையும் ஒன்றாகச் சிக்க வைக்கும். தெரியாதவருக்கு வாடகைக்கு விடும் முன் ஜமாஅத்தோடு கலந்து பேசுங்கள்.

ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை எடுத்துக் கொடுக்கலாமா? கூடவே கூடாது. இரக்கத்தால் செய்தாலும் பொய் ஆவணம் குற்றம்தான். உண்மையான அகதியையும் அது குற்றவாளி ஆக்கிவிடும். அவர் கையில் இருக்கும் ஐ.நா. அகதி அட்டையைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். இங்கே குழந்தை பிறந்தால் பிறப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறப்புச் சான்று குடியுரிமை தராது. ஆனால் பிள்ளை யாருடையது, எங்கே பிறந்தது என்பதற்கு ஆதாரம்.

யாரையாவது பிடித்துப் போனால்? 15100 என்ற இலவச எண்ணுக்கோ திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ தகவல் கொடுங்கள். கூட்டம் கூட்ட வேண்டாம். வாக்குவாதம் வேண்டாம். எந்த நிலையம், எத்தனை மணி என்று குறித்து வையுங்கள். அது வழக்கறிஞருக்கு உதவும்.

செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வரும் வடநாட்டுத் தொழிலாளிகளை, இந்தியோ வங்காளமோ பேசுகிறார்கள் என்பதற்காக 'பங்களாதேஷ்காரன்' என்று நாமே பெயர் வைக்க வேண்டாம். காகிதம் இல்லாதவர் புகார் கொடுக்க மாட்டார் என்று கூலியைக் குறைப்பதும் ஹராம்தான். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி குர்ஆனின் 49-ஆவது அத்தியாயம் நமக்குச் சொல்லியிருக்கிறது. அகதிகள் பற்றி வரும் வீடியோவை அடுத்தவருக்கு அனுப்பும் முன் இது எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் உங்களோடு நிறுத்துங்கள்.

உண்மையாகவே சந்தேகப்படும்படி ஒருவர் நடந்துகொண்டால், அவர் அகதியோ நம் ஊர்க்காரரோ, காவல் துறைக்குச் சொல்வது நம் கடமை. சொல்லும்போது அவர் என்ன செய்தார் என்று சொல்லுங்கள். அவர் யார் என்பது குற்றம் அல்ல.

வீடிழந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் பாதுகாப்பான இடத்தைத் தருவானாக. நம் நாட்டை அமைதியோடும் நீதியோடும் காப்பானாக. ஒரு சிலரின் குற்றத்தைப் பலர் தலையில் ஏற்றும் பாவத்திலிருந்து நம்மையும் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்